அறைக்கு வெளியே நின்றவள்

கோபர்க், மெல்போர்ன்
அக்டோபர் 6

அன்புத் தங்கை மார்னிக்கு,

அக்கா ஹீதர் எழுதுவது. நான் நலம். உன் நலம் எனக்கு எப்படித் தெரியும்? நீ போனை எடுத்தால்தானே! போன மாதம் முழுக்க அடித்து அடித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். எடுத்தது ஒரே ஒரு தடவை. அன்றும் நாலு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு வாய் குழறியது. டூகல் வீட்டிலேயே பீர் காய்ச்சத் தொடங்கியிருக்கிறான் என்று ஜெம்மா சொன்னாள். புருஷன் காய்ச்சுவதையெல்லாம் பெண்டாட்டி ருசி பார்த்தாக வேண்டும் என்று சட்டமா என்ன? போகட்டும். போனில் பேசினால் நாம் எப்படியும் சண்டைதான் போடுவோம். விடுதியில் படித்த காலத்திலிருந்து நமக்கு ஒத்துவருவது காகிதம்தான்.

உன் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமை ஆட்டத்தில் பார்த்திருக்க வேண்டும் நீ. நடுவட்டத்தில் பந்தை எம்பித் தட்டுவதற்கு நம் அணியில் அவளை விட்டால் ஆள் இல்லை. எதிர் அணிக்காரி இவளைவிட ஒரு தலை உயரம். கடைசிக் கால் பாகத்தில் ஜெம்மா அவள் முதுகில் முட்டியை ஊன்றி ஏறி, அந்தரத்தில் பந்தைக் கையால் பிடித்தாள். நம் ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் அதைவிட அழகு ஏது! அப்பனோடு கரையில் கடல்பாசி இழுத்த கை அல்லவா, பிடித்தால் விடுமா? எனக்கு முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்று, "யாரு பெத்த பொண்ணுடா இது!" என்று கத்தினார். "என் தங்கச்சி பெத்தது" என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை. நீ வாங்கிய சத்தியம் ஞாபகம் வந்தது.

அந்தச் சத்தியத்தால் நான் படுகிற பாடு இருக்கிறதே! அணிக்கு ஆள் பிடிப்பதும், ஆளைக் கொடுத்து ஆள் வாங்குவதும்தான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. நாட்டில் பந்து உதைக்கிற எந்தப் பெண்ணைப் பற்றியும் நான் பேசலாம், உன் பெண்ணைத் தவிர. அவள் பெயரை யாராவது எடுத்தால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போய் நிற்கிறேன். அணி நிர்வாகி டெர்ரி இருக்கிறானே, அவனுக்கு இதில் ஒரு சந்தோஷம். "ஹீதருக்கு டீ வேணும்போல இருக்கு, யாராவது ஜெம்மா பேரைச் சொல்லுங்கப்பா" என்கிறான். சிரிப்பதற்குக் கேட்கவா வேண்டும், அறை முழுக்கச் சிரிக்கும்.

இந்த வருஷம் நாங்கள் தோற்றதுதான் அதிகம். டிசம்பரில் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்கிற மாற்று வாரம் வருகிறது. கோல் அடிக்க ஒருத்தி வேண்டும் என்று டெர்ரி இப்போதே பறக்கிறான். பெயர் எழுதிய காந்தங்களைச் சுவர்ப்பலகையில் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே ஒட்டி விளையாடிக்கொண்டிருக்கிறோம். வளர்ந்த மனிதர்கள் செய்கிற வேலையா இது என்று நீ கேட்பாய்.

நீ அனுப்பிய பாலாடைக்கட்டி வந்தது. யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன். பதில் போடு, போனையும் எடு.

அன்புடன்
அக்கா ஹீதர்


கிங் தீவு
அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மார்னி எழுதிக்கொள்வது. நின்றுகொண்டே கடிதம் படிக்கிற பழக்கம் உனக்கு. இதை உட்கார்ந்து படி.

பீர் இல்லை அக்கா. பீர் குடித்தால் எனக்குப் புரையேறுகிறது. டீ குடித்தாலும் ஏறுகிறது. குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. கடையில் 'சர்க்கரை' என்று கேட்டால் பையன் 'என்ன?' என்றான். பல் டாக்டரிடம் போனேன், பிறகு டூகல் லான்செஸ்டன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனான். ஊசியைக் குத்தி, மின்சாரம் வைத்து எல்லாம் பார்த்தார்கள். நீங்கள் வருஷா வருஷம் கோமாளி வேஷம் போட்டு ஐஸ் தண்ணீரில் சறுக்கி விழுந்து ஒரு நோய்க்காகப் பணம் சேர்க்கிறீர்களே, நரம்பு செத்துத் தசை ஓய்ந்துபோகிற அதே நோய்தான். எனக்கு நாக்கில் தொடங்கியிருக்கிறது. பிறகு தொண்டை, கை, கடைசியில் மூச்சு. சிலருக்கு வருஷக்கணக்கில் இழுக்குமாம். எனக்கு அப்படி இழுக்காது என்பதை டாக்டரம்மா மறைக்கவில்லை. நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

டூகல் வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜெம்மாவுக்குச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாள். சிங்கி இறாலைச் சாப்பிட்டுவிட்டு, பாசி ஒதுங்குகிற கரையில் அவளை உட்கார வைத்து, நானே என் வாயால் சொல்லப்போகிறேன். அதுவரைக்கும் பேச்சு தாங்கும் என்கிறார்கள். அதற்காகவே கடையிலும் கோயிலிலும் தலையை ஆட்டிச் சமாளிக்கிறேன். சேர்த்து வைத்தால் மிஞ்சுமா என்று கேட்காதே. எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. போனில் என் குரலைக் கேட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், அதனால் எடுப்பதில்லை. தீவில் டவர் சரியில்லை என்று செய்தி அனுப்பிச் சமாளிக்கிறேன். எங்கள் டவரைப் பற்றி எந்தப் பொய் சொன்னாலும் நம்புவார்கள்.

நீ யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. ஜெம்மாவிடம் கூடாது, கிளப்பில் கூடவே கூடாது. தெரிந்தால் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். பழைய சத்தியமும் அப்படியே இருக்கட்டும். அவளை நீங்கள் அணிக்கு எடுத்த அன்று இங்கே என்ன பேசினார்கள் என்பது மறந்துவிட்டதா? "பரிமாறுறவ நம்மவளா இருந்தா கடைசிப் பந்தியில உக்காந்தா என்ன" என்று இவள் காதுபடவே சொன்னார்கள். அன்றைக்கு அவள் பந்தைக் கடலில் எறிந்துவிட்டு அழுததை நான் மறக்கவில்லை. அவள் பேச்சு வந்தால் நீ அந்த அறையில் இருக்கக் கூடாது.

எழுத இன்னும் கை நன்றாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன், பயப்படாதே.

உன் தங்கை
மார்னி


கோபர்க்
அக்டோபர் 19

என் கண்ணே மார்னி,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க வெகு நேரமாயிற்று. பீர் என்று கேலி செய்தேனே, அந்தக் கையை எங்கே கொண்டு போய் வைப்பேன்? எனக்கு முன்னால் நீ போவதாவது. வீட்டில் எல்லாவற்றிலும் நான்தானே முதல், இதிலும் முதலில் போக விடமாட்டாயா?

கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் கிளம்பி வருகிறேன். ஜெம்மாவிடம் ஆள் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.

நீ கேட்ட இரண்டையும் தருகிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். அறையிலும் இருக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? கிறிஸ்துமஸ் வரை எதற்கு? இங்கே நான் அவளை தினமும் பார்க்கிறேன். "அம்மாகிட்ட பேசுனியா பெரியம்மா? எனக்கு மட்டும்தான் டவர் கிடைக்க மாட்டேங்குதா?" என்று கேட்கிறாள். பயிற்சி சாமான்களை எண்ணுவதுபோல் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்குத்தான் தெரியுமே. பேசாமல் இருக்க மட்டும்தான் வரும்.

எதை விழுங்க முடிகிறது என்று எழுது. அதைக் கொண்டுவருகிறேன்.

அழுதபடியே
அக்கா


கிங் தீவு
நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வந்து போனது எனக்கு ஒரு வருஷத்து உணவு மாதிரி. நீ போன பிறகு டூகல் கூட இரண்டு வாக்கியம் பேசினான். பாசி இழுக்கிற வண்டியையும் வின்ச்சையும் தவிர வேறு எதனோடும் பேசாத மனுஷன், "உங்க அக்கா இருந்தா வீடு வீடா இருக்கு" என்றான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று வேறு சொன்னான்.

டீயில் ஒரு மாவைப் போட்டுக் கூழாக்கிக் குடிக்கச் சொல்கிறார்கள். டீக்கும் எனக்கும் இருந்த உறவு அதோடு முடிந்தது. பேச்சு போன மாதத்தைவிட மோசம். காலையில் கொஞ்சம் தெளிவாக வருகிறது. அதனால் ஜெம்மாவிடம் காலையில்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சுருக்கிவிட்டேன். முதலில் பெரிய பிரசங்கமே வைத்திருந்தேன், இப்போது நாலைந்து வாக்கியம்தான். ஆள் இல்லாதபோது மாட்டுக் கொட்டகையில் சொல்லிப் பார்க்கிறேன். மாடுகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன் அடித்தால் மனசு தாங்குவதில்லை. அதை மாவு டப்பாவில் போட்டு மூடி, சாயங்காலம் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். அவள் அனுப்புகிற படங்களையெல்லாம் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுவேன்.

கிறிஸ்துமஸ் டிக்கெட் எடுத்துவிட்டாளாம். அறையைச் சுத்தம் செய்தாயிற்று.

தங்கை
மார்னி


கோபர்க்
டிசம்பர் 12

மார்னி,

என்னை மன்னிப்பாயா என்று கேட்டுத் தொடங்கினால் நீ மீதியைப் படிக்க மாட்டாய். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று மாற்று வாரத்தின் கடைசி நாள். மதியம் வரை ஒன்றும் இல்லை. பிறகு பெர்த்திலிருந்து டெர்ரிக்கு அழைப்பு வந்தது. அவன் ஆசைப்பட்ட கோல்காரியைத் தருகிறார்களாம். அவர்களுக்கு நடுவட்டத்துக்கு ஆள் வேண்டுமாம். டெர்ரி போனை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். இந்தத் தடவை டீ கேலி எதுவும் இல்லை. "ஹீதர், கொஞ்சம் வெளிய..." என்றான். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மார்னி, பழக்கம் என்பது எப்படிப்பட்டது பார். என் கால்கள் தாமாகவே போயின.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெம்மா பெயர் எழுதிய காந்தத்தை அவன் நம் பக்கத்திலிருந்து பிடுங்கிப் பெர்த் பக்கத்தில் ஒட்டினான். உனக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. 'உடனே பதில் போடு, அவளிடம் சொல்லட்டுமா' என்று செய்தி போட்டேன். டூகலுக்கு அடித்தேன், அவன் கரையில் இருந்திருப்பான். உள்ளே போய், 'இவளை மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி அனுப்பாதீர்கள், இவள் அம்மா சாகப்போகிறாள்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டெர்ரி அந்தக் கணமே விட்டிருப்பான். கல்நெஞ்சக்காரன் இல்லை அவன். நான் சொல்லவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு இரண்டும் என் வாயை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தன. ஆட்டக்காரி கையெழுத்துப் போடாமல் மாற்று நடக்காது, ஜெம்மா போட மாட்டாள் என்ற ஒரு தைரியமும் இருந்தது.

அவளை வரவழைத்தார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"பெரியம்மா, அவங்க என்னை அனுப்பப் பாக்குறாங்க. நான் போட மாட்டேன்னு சொன்னா இங்கயே இருக்கலாமாம். நீ சொல்லு. உனக்கு நான் வேணுமா, வேணாமா?"

"உன் விஷயத்துல நான் பேசக் கூடாது கண்ணு. டெர்ரிகிட்ட கேளு."

"டெர்ரிய யாரு கேட்டா? உன்னைத்தானே கேக்குறேன்."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள். பிறகு, "சரி, புரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமலே கெடுத்துவிட்டேன். என்னைத் திட்டி எழுது. திட்டாமல் இருந்துவிடாதே.

ஹீதர்


கிங் தீவு
டிசம்பர் 20

அக்கா,

உன் செய்தியைச் சாயங்காலம் டப்பாவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அதற்குள் ஜெம்மாவின் செய்தியும் வந்திருந்தது. அப்படியே எழுதுகிறேன், நீயும் படி. "அம்மா, என்னைப் பெர்த்துக்கு மாத்திட்டாங்க. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல கோடை முகாம் வேலை குடுக்குறாங்க, உடனே போறேன். கிறிஸ்துமஸுக்கு வரல. நீ போனை எடுக்கிறதில்ல, பெரியம்மா வாயத் தொறக்கிறதில்ல. கொஞ்ச நாள் எல்லாரையும் விட்டுத் தூரமா இருக்கேன். அப்பாவுக்கு முத்தம்."

எனக்கு முத்தம் இல்லை.

திட்டு என்கிறாய். திட்டாமல் என்ன? நீ ஐம்பது பெண்களின் தலையெழுத்தைப் பலகையில் ஒட்டுகிறவள். உனக்கு இருக்கிற மூளைக்கு, எந்தச் சத்தியத்தை எப்போது உடைக்க வேண்டும் என்பது தெரியாதா? சின்ன வயதில் அப்பா நாயைக் கட்டிப் போடு என்று சொன்னார் என்பதற்காக, வீட்டில் தீப்பிடித்தபோதும் அவிழ்க்காமல் நின்றவள்தானே நீ! நான்தான் ஓடிப் போய் அவிழ்த்தேன்.

சத்தியம் வாங்கியவள் நான் என்பது எனக்கும் தெரியும். அது தெரிவதால்தான் ராத்திரியும் பகலும் வேகிறேன். உன்மேல் கோபப்பட்டால் கொஞ்ச நேரமாவது இறங்கியிருக்கிறது.

உடம்பு சரியில்லை, உடனே வா என்று நாலு எழுத்து அனுப்பலாம்தான். டூகலும் அதைத்தான் கையைக் காட்டிக் காட்டிச் சொல்கிறான். எழுத்தில் சொல்வதற்கா இவ்வளவு நாள் சேர்த்து வைத்தேன்? புது ஊர், புது அணி, நுழைந்த முதல் வாரமே ஓடி வந்தாள் என்ற பெயர் வேறு. ஜனவரி கடைசியில் வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் தாங்குமா தெரியவில்லை. நேற்று கொட்டகையில் சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே புரியவில்லை.

மார்னி


கோபர்க்
ஜனவரி 9

தங்கையே,

நாயைக் கட்டிப் போட்ட கதையை நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன்.

டெர்ரியிடம் கேட்டேன், உன் பெயரைச் சொல்லாமல்தான். மாற்றியதை மாற்ற முடியாது, அடுத்த டிசம்பர் வரை ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறான். அவளுக்கு விஷயம் தெரிந்து அவளாகக் கேட்டால், பெர்த்துக்காரர்கள் விடுப்புக் கொடுத்து அனுப்புவார்கள். மனிதர்கள்தானே. முதலில் அவளுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு வர வேண்டிய புத்தி தாமதமாக வந்திருக்கிறது. பெர்த்துக்குப் போய் அவளிடம் நேரில் சொல்லிவிட்டு, கையோடு அழைத்து வருகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. தெரிவிக்கிறேன். இருந்தாலும் 'போ' என்று ஒரு வரி எழுதிவிடு, உன்னைக் கேட்காமல் நான் எதையும் செய்து பழகவில்லை. பார், அனுமதி கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே கேட்கிறேன்.

நான் அடித்தால் ஜெம்மா எடுப்பதில்லை. அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்போல.

அக்கா


கிங் தீவு
ஜனவரி 24

அக்கா,

கை நடுங்குகிறது. கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துப் படி.

நீ போக வேண்டியதில்லை. டூகல் சொல்லிவிட்டான். வாயைத் திறந்தால் கொட்டாவி மட்டும் விடுகிற மனுஷன், டப்பாவிலிருந்து என் போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய், அவளைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு ரொம்ப முடியல. நான் பொய் சொல்ல மாட்டேன், நீ கெளம்பு" என்று சொல்லியிருக்கிறான். நாம் இரண்டு பேரும் எழுதி எழுதிச் செய்யாததை அவன் அரை நிமிஷத்தில் செய்தான்.

மறுநாளே வந்துவிட்டாள். விமானத்திலிருந்து இறங்கி ஓடி வந்தாள். நான் வாயைத் திறந்தேன் அக்கா. அவள் பெயர் வரவில்லை. நானே வைத்த பெயர் வரவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவள் அதைக் கேட்டு முதலில் சிரித்தாள், விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். இனி நான் பார்க்க வேறு ஒன்றும் வேண்டாம்.

என்னைக் குளிப்பாட்டுகிறாள், தூக்கி உட்கார வைக்கிறாள். பெர்த்தில் விடுப்புக் கொடுத்தார்கள், நீ சொன்னதுபோல. கையெழுத்துப் போட்டதற்காகத் தன்னையே தின்கிறாள். "நான் கோவத்துல போட்டேம்மா, பெரியம்மா என்னை வேணாம்னு நினைச்சுட்டாங்கன்னு" என்கிறாள்.

உனக்கு என் நோய் தெரியாது என்றே அவள் நினைக்கிறாள். டூகலுக்கும் எழுதிக் காட்டி வைத்திருக்கிறேன். அவள் எப்போதாவது கேட்டால், தெரியாது என்று சொல். இது என் கடைசிச் சத்தியம், மறுக்காதே. எனக்குப் பிறகு அவளுக்கு நீ ஒருத்தி வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் அவள் இழக்கக் கூடாது.

நான் கோபத்தில் எழுதியதை எடுத்து அடுப்பில் போடு.

மார்னி


கிங் தீவு
ஜூன் 15

பெரியம்மா,

ஜெம்மா எழுதுகிறேன். கீழே இருப்பது அம்மா சொன்னது. மே மாதக் கடைசியில் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் காட்ட, நான் எழுதினேன். உனக்கு அடக்கத்தன்று கொடுக்கலாம் என்று பையில் வைத்திருந்தேன். நீ அப்பாவோடு நின்றுகொண்டிருந்தாய். கொடுக்க முடியவில்லை.

"அக்கா. கடல்பறவை எல்லாம் வடக்கே போய்விட்டன. இந்த வருஷம் சத்தம் அதிகம். ஜெம்மா நன்றாகத் தூக்குகிறாள். வலிக்கவில்லை. நீ நல்லவள். முட்டாள். நானும்தான். அவளை"

இவ்வளவுதான். அதற்கு மேல் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் தொடரலாம் என்று வைத்தேன். மறுநாள் அவளுக்கு மூச்சுக்கே நேரம் போதவில்லை. அதற்குப் பிறகு பலகையை எடுக்கவில்லை.

இனி நான் கேட்பது. இதை அம்மா இருக்கும்போது கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்திருந்தேன். நவம்பரில் நீ இங்கே வந்து தங்கியிருந்ததாக, அடக்கத்துக்கு வந்த பக்கத்துப் பண்ணைக்காரி சொன்னாள். என்னிடம் ஆள் பார்க்கப் போவதாகச் சொன்னாயே, அந்த வாரம்தான். அப்பாவிடம் கேட்டேன். அப்பா எழுந்து வண்டியைக் கழுவப் போய்விட்டார்.

வராந்தாவில் நான் உன்னைக் கேட்டேனே பெரியம்மா, வேணுமா வேணாமா என்று. அப்போது அம்மாவின் நோய் உனக்குத் தெரியுமா? இதற்கு மட்டும் பதில் சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அடுத்த வாரம் பெர்த்துக்குத் திரும்புகிறேன். பின்னால் அங்கே உள்ள விலாசம் எழுதியிருக்கிறேன்.

ஜெம்மா


கோபர்க்
ஜூன் 21

ஜெம்மா,

தெரியும்.

அக்டோபரிலேயே தெரியும். உன் அம்மாவே எழுதினாள். வராந்தாவில் நீ என்னைக் கேட்டபோதும் அது என் தொண்டையில்தான் இருந்தது.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன், உன் பேச்சையும் மீறுகிறேன். நீ கேட்டால் தெரியாது என்று சொல்லச் சொல்லி உன் அம்மா என்னிடம் சத்தியம் கேட்டாள். அவள் கேட்ட முந்தைய இரண்டையும் நான் காப்பாற்றினேன். அதனால் என்ன ஆனது என்பதை நீ பார்த்தாய். இதைக் காப்பாற்றப் போவதில்லை. நான் உனக்கு வேண்டும் என்று அவள் நினைத்தாள். பொய் சொல்லி உன்னிடம் இருப்பதற்கு நான் இல்லாமலே இருக்கலாம்.

அவள்மேல் கோபப்படாதே. தன் வாயால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கொட்டகையில் மாடுகளிடம் சொல்லிப் பார்த்தாள். கோபம் எல்லாம் எனக்கு வரட்டும், எனக்கு அது பொருந்தும்.

அன்று நீ கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. நோயைப் பற்றிச் சொல்லாவிட்டாலும் அந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எந்தச் சத்தியமும் தடுத்திருக்காது என்று இப்போது தெரிகிறது. எனக்கு நீ வேண்டும் ஜெம்மா. நீ பிறந்த நாளிலிருந்து வேண்டும்.

நீ பதில் போட வேண்டாம். போன் எடுக்க வேண்டாம். ஆகஸ்டில் உன் ஆட்டம் தொடங்கும்போது நான் பெர்த்துக்கு வருவேன். டிக்கெட் எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன், உன் கண்ணில் பட மாட்டேன். பக்கத்தில் யாராவது யார் பெற்ற பெண் இது என்று கேட்டால், என் தங்கை பெற்றவள் என்று சொல்லிவிடுவேன்.

பெரியம்மா